முறிந்து விழுந்த கிளையை விறகாக்கும் முன்: முதல் 15 நாளில் செய்ய வேண்டியவை

வடகிழக்குப் பருவமழை வந்துவிட்டால் செஞ்சி வட்டாரத்தில் கிளை முறியாத ஊர் இருக்காது. மண் ஊறியிருக்கும், இலைக்கொத்து மழைநீரைச் சுமந்து கனத்திருக்கும். அந்த நேரத்தில் ஒரு காற்று அடித்தால் கிணற்று மேட்டுப் புளியோ, வரப்பு வேம்போ, களத்து வாகையோ ஒரு பெரிய கிளையை இழந்துவிடும். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தபோது பலா, முந்திரித் தோப்புகள் கொத்துக் கொத்தாகச் சாய்ந்ததை மறந்திருக்க மாட்டோம். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது நம் மாவட்டத்து மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 51 செ.மீ. மழை கொட்டியது.

கிளை விழுந்ததும் வழக்கமாக நடப்பது இதுதான். இலையை ஆடு தின்னும். குச்சியை வீட்டுக்காரர்கள் அடுப்புக்கு எடுப்பார்கள். தடித்த பகுதியை விறகு வியாபாரி மொத்தமாக ஒரு விலை பேசி ஏற்றிக்கொண்டு போவார். அடுத்த சில மாதங்களில் அதே விவசாயி மண்வெட்டிக் காம்புக்கும், கோடாலிப் பிடிக்கும், பந்தல் காலுக்கும் சந்தையில் பணம் கொடுப்பார்.

அந்தக் கிளையிலேயே இவை எல்லாம் இருந்தன. ஆனால் அவற்றை எடுப்பதற்குக் காலம் குறைவு. விழுந்த கிளை விறகாகுமா, பொருளாகுமா என்பதை முதல் 15 நாள் தீர்மானிக்கிறது. அந்த நாட்களில் என்னென்ன செய்ய வேண்டும் என்பதை வரிசையாகப் பார்ப்போம்.

முதலில் பாதுகாப்பு

விழுந்த கிளை மின்கம்பியைத் தொட்டிருந்தால் அருகே போகவே கூடாது. கம்பி அறுந்து தரையில் கிடந்தாலும், ஈரமான கிளை வழியாகவும் மின்சாரம் பாயும். மின்னகம் 94987 94987 என்ற எண்ணுக்குத் தெரிவித்து, மின்வாரிய ஊழியர்கள் இணைப்பைத் துண்டித்த பிறகே வேலை தொடங்க வேண்டும்.

பாதி முறிந்து மரத்திலேயே தொங்கும் கிளைக்கு அடியில் நிற்கக் கூடாது. காற்று ஓய்ந்த பிறகும் அது எந்த நேரத்திலும் விழலாம். மாடு, ஆடுகளையும் அந்த நிழலில் கட்ட வேண்டாம்.

தரையில் கிடக்கும் கிளையும் விறைப்பாக வளைந்திருந்தால் ஆபத்தானது. அறுக்கும்போது வாளைக் கவ்விக்கொள்ளும், அல்லது துள்ளி ஆளை அடிக்கும். இதற்கு ஒரு எளிய விதி உண்டு. கிளையின் இரண்டு முனைகளும் எதன் மீதாவது தாங்கி, நடுப்பகுதி தொய்ந்திருந்தால், முதலில் மேலிருந்து மூன்றில் ஒரு பங்கு அறுத்து, பிறகு கீழிருந்து அறுத்து முடிக்க வேண்டும். ஒரு முனை மட்டும் தாங்கி, மறுமுனை அந்தரத்தில் இருந்தால், முதலில் கீழிருந்து மூன்றில் ஒரு பங்கு, பிறகு மேலிருந்து. இயந்திர ரம்பத்தைத் தோளுக்கு மேல் தூக்கி அறுக்கக் கூடாது.

மா, முந்திரி மரங்களின் பால் சிலருக்குத் தோலில் கொப்புளம் உண்டாக்கும். கையுறையும் முழுக்கைச் சட்டையும் அணிந்து வெட்டுங்கள்.

மரம் யாருடையது?

பட்டா நிலத்தில் உங்கள் சொந்த மரம் என்றால் அதன் கிளையைச் சொந்த உபயோகத்துக்கு வைத்துக்கொள்வதில் பொதுவாகச் சிக்கல் இல்லை. ஏரிக்கரை, புறம்போக்கு, சாலை ஓர மரங்கள் அரசுக்கோ ஊராட்சிக்கோ சொந்தமானவை. விழுந்து கிடந்தாலும் கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லாமல் எடுக்கக் கூடாது. செஞ்சியைச் சுற்றியுள்ள காப்புக்காட்டிலும், தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள கோட்டை வளாகத்திலும் விழும் கிளைகளுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

சந்தனம், செம்மரம், ஈட்டி, தேக்கு போன்ற மரங்கள் உங்கள் நிலத்திலேயே இருந்தாலும், விற்பதற்கோ வண்டியில் ஏற்றுவதற்கோ முன் வனச்சரக அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். தமிழகத்தில் மரம் கொண்டுசெல்வதற்கு 1968 முதல் தனி விதிகள் உள்ளன. எந்த மரத்துக்கு அனுமதிச் சீட்டு வேண்டும், எதற்கு வேண்டாம் என்பது அவ்வப்போது மாறும். பனை மரத்தை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி தேவை என்று 2021-ஆம் ஆண்டு வேளாண் நிதிநிலை அறிக்கையில் அரசு அறிவித்திருக்கிறது. காற்றில் சாய்ந்த பனையையும் ஒரு படம் எடுத்து வைத்து, கிராம நிர்வாக அலுவலரிடம் தெரிவித்த பிறகு அறுப்பதே நல்லது.

நிற்கும் மரத்துக்கு வைத்தியம்

கிளை முறிந்த இடம் பெரும்பாலும் நார் நாராகக் கிழிந்திருக்கும். அதில் மழைநீர் தங்கினால் பூஞ்சணம் உள்ளே இறங்கி, சில ஆண்டுகளில் அடிமரம் பொந்தாகிவிடும். ஒரு கிளை போனதோடு முழு மரமும் போகும் நிலை இப்படித்தான் வருகிறது.

கிளை மரத்தோடு சேரும் இடத்தில் ஒரு வீங்கிய வளையம் தெரியும். அந்த வளையத்தைச் சேதப்படுத்தாமல், அதற்கு வெளியே ஒட்டி வெட்ட வேண்டும். அடிமரத்தோடு வழித்தெடுக்கவும் கூடாது, ஒரு முழம் மொட்டையாக விடவும் கூடாது. வளையத்தில்தான் புதிய பட்டை வளர்ந்து காயத்தை மூடும். மிச்சக் கிளை கனமாக இருந்தால், ஓர் அடி தள்ளிக் கீழிருந்து கொஞ்சம் அறுத்து, அதற்குச் சற்று வெளியே மேலிருந்து அறுத்துக் கனத்தை இறக்கிவிட்டு, கடைசியாக வளையத்தின் ஓரம் வெட்டுங்கள். மா, பலா போன்ற பழமரங்களில் வெட்டுவாயில் போர்டோ பசை தடவலாம்.

தாமதிக்கக் கூடாத வேலை: போத்து நடுதல்

முறிந்த கிளையின் சில பகுதிகளுக்கு இன்னும் உயிர் இருக்கிறது. ஆல், அரசு, அத்தி, பூவரசு, முருங்கை, ஒதியன், கிளுவை, கல்யாண முருங்கை ஆகியவை போத்து வைத்தால் துளிர்க்கும். கிளை முறியும் பருவமும் போத்து வேர்விடும் பருவமும் ஒன்றாகவே இருப்பது நமக்கு வசதி.

கைத்தடி அளவு முதல் மணிக்கட்டு அளவு வரை தடிமனுள்ள, பட்டை கிழியாத, நேரான பகுதியைத் தேர்ந்தெடுங்கள். முருங்கைக்கு 4 முதல் 5 அடி நீளம் போதும். வேலிக்கும் நிழலுக்கும் 6 முதல் 8 அடி வரை வைக்கலாம். அடிமுனையைச் சாய்வாகச் சீவி, இரண்டு அடி ஆழக் குழியில் நட்டு, மண்ணை நன்றாக மிதித்து இறுக்க வேண்டும். மேல்முனையில் சாணியும் களிமண்ணும் குழைத்து அப்பினால் உலராது. தலைகீழாக நட்டுவிடாமல் இருக்க, வெட்டும்போதே அடிமுனையில் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். தண்ணீர் தேங்கும் இடத்தில் நட்டால் அழுகிவிடும்.

இந்த வேலையை இரண்டு மூன்று நாளுக்குள் செய்ய வேண்டும். வெயிலில் வாடிய கிளை வேர்விடாது.

இலையும் குச்சியும்

புங்கன், வேம்பு, பூவரசு, வாகை ஆகியவற்றின் தழை நல்ல பசுந்தழை உரம். நெல் வயலுக்கு ஏக்கருக்குச் சுமார் 2.5 டன் தழை பரிந்துரைக்கப்படுகிறது. ஒரு கிளையில் அவ்வளவு வராது. ஆனாலும் நாற்றங்காலுக்கோ ஒரு சிறு பாத்திக்கோ போதும். வாகைத் தழை ஆடுமாடுகளுக்கு நல்ல தீவனம். வெள்வேல் தழையையும் காயையும் மட்டும் கவனமாகக் கையாள வேண்டும். அதில் ஹைட்ரோசயனிக் அமிலம் உண்டு. பசியோடு வரும் ஆடுகள் அதையே வயிறு நிறையத் தின்றால் உயிருக்கே ஆபத்து. அரளித் தழை கலந்திருந்தால் உடனே அகற்றுங்கள்.

விரல் தடிமன் குச்சிகளைப் பாகல், புடலை, அவரைக்கு ஊன்றுகோலாக வைக்கலாம். மீதியைத் துண்டு துண்டாக நறுக்கி, தென்னை, மா, கொய்யா மரங்களின் பாத்தியில் 2 முதல் 3 அங்குலம் மூடாக்குப் போடலாம். கோடையில் மண் ஈரம் காக்கும். அடிமரத்தை ஒட்டிப் போடாமல் அரை அடி தள்ளிப் போடுங்கள், இல்லையென்றால் கரையான் ஏறும். மரத்தூளையும் சில்லுகளையும் மண்ணுக்குள் உழுதுவிடக் கூடாது. அவற்றை மக்கச் செய்யும் நுண்ணுயிர்கள் மண்ணில் உள்ள தழைச்சத்தை இழுத்துக்கொள்ளும், பயிர் மஞ்சளாகும். மேலே பரப்பினால் இந்தத் தொல்லை இல்லை.

கிளைக் கட்டை அடிமரக் கட்டை போன்றதல்ல

இனித் தடித்த பகுதிக்கு வருவோம். இங்கே ஓர் அடிப்படை விஷயத்தைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

நேராக நிற்கும் அடிமரத்தில் வளையங்கள் ஏறக்குறைய சம அளவில் இருக்கும். பக்கவாட்டில் நீண்ட கிளை தன் கனத்தைத் தானே தாங்க வேண்டும். அதனால் வேம்பு, புளி, மா போன்ற மரங்களில் கிளையின் மேல்பக்கத்தில் இழுவிசை தாங்கும் ஒரு தனி வகை மரநார் உருவாகிறது. வெட்டிப் பார்த்தால் நடுப்புள்ளி மையத்தில் இல்லாமல் ஒரு பக்கமாக ஒதுங்கியிருப்பதைக் காணலாம். காயும்போது இந்தப் பகுதி மற்றப் பகுதியைவிட நீளவாக்கில் அதிகம் சுருங்கும். கிளையிலிருந்து அறுத்த நீளப் பலகை வில்லாக வளைவது இதனால்தான்.

எனவே கிளையில் கதவு நிலையோ, நீளப் பலகையோ, உத்தரமோ எடுக்க நினைக்க வேண்டாம். இரண்டு மூன்று அடிக்கு உட்பட்ட துண்டுகளாக நினையுங்கள். குட்டையான துண்டில் வளைவு கண்ணுக்குத் தெரியாத அளவுக்குக் குறைந்துவிடும்.

இன்னொன்று, கிளையில் வைரம் குறைவு, வெளிறு அதிகம். வைரம் என்பது நடுவில் கருத்து இறுகிய பகுதி. வெளிறு என்பது வெளியே உள்ள வெளுத்த பகுதி. வெளிறில் மாவுச்சத்து இருப்பதால் வண்டு அதைத்தான் முதலில் துளைக்கும். உளுத்துப்போன கட்டையில் மாவு கொட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். அது அந்த வண்டின் வேலை.

ஈரமாகவே வை, அல்லது வேகமாகக் காய வை

பச்சைக் கட்டையில், ஒவ்வொரு கிலோ காய்ந்த மரப்பொருளுக்கும் அரை கிலோ முதல் ஒரு கிலோ வரை தண்ணீர் இருக்கும். காற்றில் நன்கு காய்ந்த கட்டையில் அது 120 முதல் 150 கிராம் அளவுக்குக் குறைந்துவிடும். இந்த இரண்டுக்கும் இடையில்தான் எல்லாக் கேடும் நடக்கிறது. பூஞ்சணத்துக்கு ஈரமும் வேண்டும், காற்றும் வேண்டும். முழுதும் தண்ணீரில் மூழ்கிய கட்டையில் காற்று இல்லை. நன்கு காய்ந்த கட்டையில் ஈரம் இல்லை. மழையில் தரையோடு கிடக்கும் கட்டையில் இரண்டும் இருக்கின்றன. மா, முருங்கை, ஒதியன் போன்ற மென்மரங்கள் அப்படிக் கிடந்தால் ஓரிரு வாரத்தில் நிறம் மாறிவிடும்.

2005 ஜனவரியில் சுவீடன் நாட்டில் வீசிய குட்ருன் புயலில் சுமார் 7.5 கோடி கன மீட்டர் மரம் சாய்ந்தது. அவ்வளவையும் உடனே அறுக்க முடியாது. ஆகவே கட்டைகளை மலைபோல் அடுக்கி, தெளிப்பான் வைத்து இடைவிடாமல் நனைத்துக் காப்பாற்றினார்கள். நம் ஊரில் பனையையும் மூங்கிலையும் குளத்தில் ஊறப்போடும் பழைய வழக்கமும் இதே கணக்குத்தான். ஊறும்போது மாவுச்சத்து கரைந்து வெளியேறுவதால் வண்டுத் தொல்லையும் குறைகிறது.

ஆசாரி கிடைக்க ஒரு மாதம் ஆகும் என்றால், கட்டையைக் குட்டையில் கல்லை ஏற்றி முழுதும் மூழ்க வைத்துவிடலாம். பாதி மூழ்கி, பாதி மிதந்தால் பயனில்லை. மீன் வளர்க்கும் குட்டையிலும், குடிக்கவோ சமைக்கவோ பயன்படும் தண்ணீரிலும் ஊறப்போட வேண்டாம்.

காய வைப்பதாக இருந்தால் இந்த வரிசையில் செய்யுங்கள்.

1. தேவையான நீளத்தைவிட இரண்டு முனையிலும் 3 அங்குலம் கூடுதலாக வைத்து வெட்டுங்கள். முனை வெடித்தால் அந்த அளவை வெட்டி எறிந்துவிடலாம்.

2. வெட்டிய அன்றே முனைகளை அடையுங்கள். மரத்தின் பக்கவாட்டைவிட வெட்டுமுனை வழியாக ஈரம் பத்து மடங்குக்கு மேல் வேகமாக வெளியேறும். முனை சட்டென்று சுருங்க, நடுப்பகுதி சுருங்காமல் இருக்க, வெடிப்பு விழுகிறது. மிச்சமான எண்ணெய் பெயின்ட், உருக்கிய மெழுகு, தார் எதுவானாலும் இரண்டு பூச்சு தடவலாம். ஒன்றும் இல்லையென்றால் சாணியும் களிமண்ணும் தடிமனாக அப்புங்கள்.

3. நான்கு அங்குலத்துக்கு மேல் தடித்த உருளையை நடுப்புள்ளி வழியாக இரண்டாகவோ நான்காகவோ பிளந்துவிடுங்கள். மரம் வளையத்தின் சுற்றுவாக்கில், குறுக்குவாக்கைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு சுருங்கும். முழு உருளை வெடிப்பதற்கு இதுதான் காரணம். பிளந்த கட்டைக்குச் சுருங்க இடம் கிடைப்பதால் வெடிப்பு குறையும்.

4. பட்டையை உரித்துவிடுங்கள். பட்டைக்கு அடியில்தான் வண்டு முட்டையிடும்.

5. செங்கல் அல்லது கல் வைத்துத் தரையிலிருந்து ஓர் அடி உயரத்தில் அடுக்குங்கள். ஒவ்வொரு வரிசைக்கும் நடுவே ஒரே தடிமனுள்ள காய்ந்த குச்சிகளை இடைவெளிக்கு வையுங்கள். மேலே கூரையோ தகரமோ வேண்டும், பக்கங்கள் திறந்திருக்க வேண்டும். நேரடி வெயிலும் வேண்டாம், பிளாஸ்டிக் தாளால் முழுதும் மூடுவதும் வேண்டாம். மூடினால் உள்ளே வேர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும்.

6. வாரம் ஒருமுறை செங்கல் மீது கரையான் மண்பாதை ஏறியிருக்கிறதா என்று பாருங்கள்.

கார்த்திகையில் அடுக்கிய இரண்டு அங்குலத் துண்டு மாசி, பங்குனியில் காம்புக்குத் தயாராகும். ஆறு அங்குலக் கட்டைக்கு ஓராண்டு பொறுக்க வேண்டும். காய்ந்ததா என்று தெரிந்துகொள்ளத் தராசு போதும். ஒரு துண்டில் அடையாளம் இட்டு 15 நாளுக்கு ஒருமுறை எடை போடுங்கள். நான்கு கிலோத் துண்டு இரண்டு எடைகளுக்கு இடையே 40 கிராமுக்கும் குறைவாக இளைத்தால், மழை இல்லாத நாளில், காய்ந்துவிட்டது என்று கொள்ளலாம்.

வண்டுக்கு மருந்து

வெளிறு அதிகமுள்ள கட்டைகளுக்குப் போராக்ஸும் (வெங்காரம்) போரிக் அமிலமும் கலந்த கரைசல் நல்ல பாதுகாப்பு. 5 லிட்டர் வெந்நீரில் 150 கிராம் போராக்ஸ், 100 கிராம் போரிக் அமிலம் கரைத்து, பட்டை உரித்த பச்சைக் கட்டை மீது எல்லாப் பக்கமும் நனையத் தூரிகையால் இரண்டு மூன்று முறை பூச வேண்டும். சிறு துண்டுகளை ஒரு நாள் ஊறவைக்கலாம். பிறகு சில நாள் ஈரச்சாக்கால் மூடி வைத்தால் மருந்து உள்ளே இறங்கும்.

மூன்று எச்சரிக்கைகள் உண்டு. இந்த மருந்து மழையில் கரைந்து போய்விடும், ஆகவே கூரைக்கு அடியில் இருக்கும் பொருளுக்கு மட்டுமே ஏற்றது. கரண்டி, வெட்டுக்கட்டை, தீவனத் தொட்டி போன்றவற்றுக்குப் பூசக் கூடாது. கரைசலைப் பிள்ளைகளும் கால்நடைகளும் எட்டாத இடத்தில் வைக்க வேண்டும்.

எந்தக் கிளையில் எதைச் செய்யலாம்?

கருவேலம்: மண்வெட்டி, கோடாலி, கடினமான கருவிகளுக்குக் காம்பு. அதிர்ச்சியைத் தாங்கும். மாட்டுக்குக் கட்டுத்தறி முளையும் செய்யலாம்.

சீமைக் கருவேலம்: கரிக்கு மட்டும் என்று நினைக்கிறோம். காயும்போது மிகக் குறைவாகவே சுருங்கும் கடின மரம் இது. நேரான துண்டு கிடைத்தால் பிடிகளுக்கும் சிறு கடைசல் பொருட்களுக்கும் நன்றாக அமையும்.

பூவரசு: எளிதில் செதுக்க வரும், சீக்கிரம் பிளக்காது. களைக்கொத்துக் காம்பு, கட்டில் சட்டம், முக்காலி, கிண்ணம் செய்யலாம்.

வேம்பு: வண்டு எளிதில் அண்டாது. கரண்டி, சீப்பு, மணை, பெட்டி ஆகியவற்றுக்கு ஏற்றது.

வாகை: மரச்செக்குக்குப் பெயர்பெற்ற மரம். தடித்த கிளை என்றால் செக்கு ஆட்டுபவர்களிடம் கேட்டுப் பாருங்கள். சிறு துண்டுகளில் முக்காலி, மணை. வெளிறுக்குக் கட்டாயம் மருந்து வேண்டும்.

புளி: கறி, மீன் வெட்டும் கட்டைக்கு இதைவிடச் சிறந்தது இல்லை. நார் மேல்நோக்கி நிற்குமாறு உருளையாக வைக்க வேண்டும். இந்தக் கட்டையைப் பிளக்க முடியாது, ஆகவே தண்ணீரில் ஊறவைத்து எடுத்து, நிழலில் மெதுவாகக் காய வைப்பது அவசியம். மரத்தட்டி, உலக்கைத் துண்டும் எடுக்கலாம்.

பலா: மஞ்சள் வைரம் உள்ள துண்டுகளை விறகுக்குத் தராதீர்கள். மிருதங்கமும் வீணையும் பலா மரத்தில் செய்யப்படுகின்றன. அந்த அளவுக்குத் தடிக்காவிட்டாலும் கடைசல்காரர்கள் வாங்குவார்கள்.

மா: இலேசான பெட்டி, பழக்கூடைச் சட்டம். வேகமாகக் காய வைக்காவிட்டால் கருத்துப்போகும்.

புங்கன்: காயும்போது வெடிக்கும், வண்டும் பிடிக்கும். தழையை உரத்துக்கும், கட்டையை விறகுக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த மரமானாலும் கவட்டைப் பகுதியைத் தனியே எடுத்து வையுங்கள். இரண்டு கிளை பிரியும் இடத்தில் நார்கள் பின்னிக் கிடப்பதால் அது பிளக்காது. வாழைக்கு முட்டு, பந்தலுக்குக் கவைக்கால் என்று அப்படியே பயன்படும்.

விறகு விலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்

8 அடி நீளமும் 6 அங்குலக் குறுக்களவும் உள்ள ஒரு கருவேலக் கிளையை எடுத்துக்கொள்வோம். பச்சையில் இது ஏறக்குறைய 40 முதல் 45 கிலோ இருக்கும். காய்ந்த பிறகு விறகாக 30 கிலோ அளவுக்கு இறங்கும். உங்கள் ஊரில் 30 கிலோ விறகின் விலை என்ன என்று எழுதிக்கொள்ளுங்கள்.

அதே கிளையை முனைக்கழிவோடு சேர்த்து 4 அடித் துண்டுகள் இரண்டாக வெட்டி, ஒவ்வொன்றையும் நான்காகப் பிளந்தால் 8 பிளவுகள் கிடைக்கும். ஒவ்வொன்றிலும் 3 அடிக்குச் சற்று மேல் ஒரு காம்பு வரும். கோணல், முடிச்சு, வெடிப்பு என்று இரண்டைக் கழித்தாலும் 6 காம்பு மிஞ்சும். சந்தையில் 6 காம்பின் விலையை எழுதுங்கள். அதில் ஆசாரியின் கூலியைக் கழியுங்கள். செதுக்கிய சில்லுகள் அடுப்புக்கு எஞ்சும். இரண்டு தொகையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து முடிவு செய்யுங்கள். கிளை வளைந்தும் முடிச்சு நிறைந்தும் இருந்தால் விறகே லாபம் என்றும் வரலாம். அப்போது தயங்காமல் விறகுக்குக் கொடுத்துவிடுங்கள்.

விற்க நினைப்பவர்கள், வெட்டுவதற்கு முன்பே வாங்குபவரைக் கேட்க வேண்டும். 2019 வரை நம் மாவட்டத்தோடு இருந்த கள்ளக்குறிச்சியின் மரச்சிற்பங்கள் 2021-இல் புவிசார் குறியீடு பெற்றவை. அம்பாசமுத்திரத்துச் சொப்புச் சாமான்களும், கர்நாடகத்துச் சென்னபட்டண பொம்மைகளும் கடைசலில் பிறப்பவை. இத்தகைய வேலைகளுக்கு நீளமான மரம் தேவையில்லை. வெடிப்பில்லாத, நன்கு காய்ந்த சிறு துண்டுதான் தேவை. 2025 ஜூலையில் செஞ்சிக் கோட்டை, மராட்டிய ராணுவத் தளங்களில் ஒன்றாக உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றிருக்கிறது. வரும் பயணிகளுக்கு உள்ளூர் மரப்பொருள் விற்க மகளிர் குழுக்கள் முயன்று பார்க்கலாம். முதலில் பத்துப் பொருளைச் செய்து, விற்கிறதா என்று பார்த்த பிறகு பெரிதாக இறங்குங்கள்.

மிச்சத்தை உயிர்க்கரி ஆக்கலாம்

கோணல் துண்டும் முடிச்சும் அடுப்புக்கு அதிகமாக மிஞ்சினால் வயலில் சும்மா எரிக்க வேண்டாம். மூன்று அடி அகலம், இரண்டு அடி ஆழத்தில், கீழே குறுகிய குழி எடுத்து, காய்ந்த குச்சிகளை மேலிருந்து பற்ற வையுங்கள். சாம்பல் பூக்கத் தொடங்கும்போது அடுத்த அடுக்கைப் போடுங்கள். மேல் தீ காற்றைத் தடுப்பதால் கீழே உள்ளது சாம்பலாகாமல் கரியாகும். குழி நிறைந்ததும் தண்ணீர் ஊற்றி முழுதும் அணைக்க வேண்டும். கட்டையின் காய்ந்த எடையில் ஐந்தில் ஒன்று முதல் நான்கில் ஒன்று வரை கரி கிடைக்கும். காற்று அடிக்கும் நாளிலும், வைக்கோல் போருக்கு அருகிலும் இதைச் செய்யக் கூடாது.

கரியை நொறுக்கி, சாணக் கரைசலிலோ தொழுவுரத்திலோ இரண்டு மூன்று வாரம் கலந்து வைத்த பிறகே வயலில் இட வேண்டும். வெறும் கரி முதலில் மண்ணின் சத்தைத் தானே பிடித்துக்கொள்ளும். உயிர்க்கரிக்குக் காரத்தன்மை உண்டு. மண் ஏற்கெனவே களர் நிலமாக இருந்தால் மண் பரிசோதனை செய்யாமல் இட வேண்டாம்.

நாள் கணக்கு

முதல் நாள்: மின்கம்பி பார்த்தல், உரிமை கேட்டல், அறுத்தல், முனை அடைத்தல்.
மூன்று நாளுக்குள்: போத்து நடுதல், தழை பிரித்தல், நிற்கும் மரத்தின் காயம் சீர்செய்தல்.
ஒரு வாரத்துக்குள்: பிளத்தல், பட்டை உரித்தல், மருந்து பூசுதல், அடுக்குதல் அல்லது தண்ணீரில் மூழ்க வைத்தல்.
பதினைந்தாம் நாள்: பூஞ்சணம், வண்டு, கரையான் பார்த்தல், முதல் எடை குறித்தல்.

மண் பரிசோதனை, பழமரக் காயம், உயிர்க்கரி பற்றிய சந்தேகங்களுக்குத் திண்டிவனத்தில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்தையும், மரம் விற்பனை, அனுமதிச் சீட்டு பற்றிய விவரங்களுக்கு வனச்சரக அலுவலகத்தையும் விவசாயிகள் அணுகலாம்.